பழைய மாருதி 800-க்குப் பிளக் மாற்றம்: வெப்ப எண், இடைவெளி, எத்தனால் பெட்ரோல்

அம்பை வயல்காரர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் 1998-ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800 ஒன்று இருக்கிறது. மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் வகை. இதுவரை ஓட்டிவந்த என் சித்தப்பாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டதால் வண்டி சில மாதங்கள் கொட்டகையிலேயே நின்றது. இப்போது நான் எடுத்து ஓட்டுகிறேன். பெரும்பாலும் அம்பாசமுத்திரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி கடைத்தெரு வரையிலான சின்னச் சின்ன ஓட்டம்தான். இடையிடையே வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாகப் பாளையங்கோட்டை வரை போய்வர வேண்டியிருக்கிறது.

காலையில் சோக்கை முழுவதும் இழுத்தாலும் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே எஞ்சின் பிடிக்கிறது. டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி வெட்டி வெட்டிப் போகிறது. பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் ஸ்பார்க் பிளக்குகள் மூன்றையும் கழற்றிப் பார்த்தேன். இரண்டில் என்ஜிகே பிபிஆர்5இஎஸ் என்றும், முதல் சிலிண்டரில் இருந்ததில் பாஷ் டபிள்யூ7டிசி என்றும் அச்சிட்டிருக்கிறது. ஒரே எஞ்சினில் இரண்டு வகை இருக்கலாமா என்பது முதல் கேள்வி. திருநெல்வேலி ஜங்ஷனில் உதிரிபாகக் கடையில் கேட்டபோது சாதாரண நிக்கல், பிளாட்டினம், இரிடியம் என்று மூன்றையும் எடுத்து வைத்து, இரிடியம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். எங்கள் ஊர் மெக்கானிக்கோ இன்னும் சூடான வகை போட்டால் போதும் என்கிறார். வண்டியின் கையேடு எங்கோ தொலைந்துவிட்டது. எதை வாங்குவது, எதைப் பார்த்து முடிவுசெய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை ஓய்வாசிரியர்:

தம்பி, நீங்கள் கழற்றியவுடன் எழுத்தைப் படித்துப் பார்த்தது மிகவும் நல்ல காரியம், ஏனென்றால் பிளக்கைப் பற்றி நாம் அறிய வேண்டியதில் பாதிக்குமேல் அந்தச் சிறிய எழுத்துகளில்தான் இருக்கிறது. நான் பாலிடெக்னிக்கில் மோட்டார் வாகனப் பாடம் நடத்தியவன். மாணவர்களிடம் முதலில் கேட்பதே இந்த எழுத்துகளைத்தான்.

என்ஜிகே நிறுவனத்தின் முறையில் முதலில் வரும் 'பி' என்பது 14 மி.மீ. மரையையும் 20.8 மி.மீ. அறுகோணத் தலையையும் குறிக்கும். அடுத்த 'பி', பீங்கான் மூக்கு வெளியே நீண்டிருப்பதைச் சொல்கிறது. 'ஆர்' என்றால் உள்ளே மின்தடை இருக்கிறது. '5' வெப்ப எண். 'இ' என்பது 19 மி.மீ. மரை நீளம், 'எஸ்' என்பது செப்பு உள்ளீடு கொண்ட சாதாரண நடு முனை. பாஷ் முறையில் 'டபிள்யூ' அதே 14 மி.மீ. மரை, '7' வெப்ப எண், 'டி' என்பது 19 மி.மீ. நீளமும் நீண்ட மூக்கும், 'சி' செப்பு. ஆகவே உங்கள் இரண்டு வகையும் ஓட்டையில் ஒன்றுபோலவே உட்காரும். ஆனால் இரண்டு வேறுபாடுகள் இருக்கின்றன. டபிள்யூ7டிசி-யில் 'ஆர்' இல்லை, அதாவது மின்தடை இல்லை. அதைவிட முக்கியமானது வெப்ப எண்.

இங்கேதான் கடைக்காரர்களும் தடுமாறுகிறார்கள். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் பெரிதாகப் பெரிதாகப் பிளக் குளிர்ந்த வகையாகும். பாஷிலும் சாம்பியனிலும் எண் பெரிதானால் சூடான வகை. என்ஜிகே 5-க்கு ஏறத்தாழ நிகரானது பாஷ் 8, டென்சோ 16. என்ஜிகே 6-க்கு நிகர் பாஷ் 7, டென்சோ 20, சாம்பியன் 9. ஆகவே உங்கள் முதல் சிலிண்டரில் இருப்பது மற்ற இரண்டைவிட ஒரு படி குளிர்ந்தது. யாரோ ஐந்தைவிட ஏழு பெரிது என்று எண்ணி, சூடான வகை என்ற நினைப்பில் மாட்டியிருக்கவும் கூடும்.

சூடு, குளிர்ச்சி என்பது தீப்பொறியின் சூட்டைப் பற்றியதே அல்ல. பிளக்கின் மூக்கு எரிப்பறைக்குள் வாங்கும் வெப்பத்தை எவ்வளவு விரைவாக மரை, வாஷர் வழியாகச் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதே கணக்கு. மூக்குப் பீங்கான் நீளமாக இருந்தால் வெப்பம் வெளியேறும் வழியும் நீளம். அது சூடான வகை. குட்டையாக இருந்தால் குளிர்ந்த வகை. முனையின் வெப்பம் 450 முதல் 500 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறினால்தான் படியும் கரி தானாக எரிந்து போகும். 850 டிகிரியைத் தாண்டிப் போனால் பொறி வருவதற்கு முன்பே அந்த முனையே கலவையைப் பற்றவைத்துவிடும். அப்படி முன்கூட்டியே எரிந்தால் பிஸ்டன் உருகி ஓட்டை விழும் வரை போகக்கூடும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே உங்கள் எஞ்சின், உங்கள் ஓட்டத்தில், முனையை நிறுத்திவைக்கும் எண் எது என்பதே தேர்வு. அந்த எண்ணை வண்டி செய்தவர்கள் சோதித்துக் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். இந்த இழையில் யார் எந்த எண்ணைச் சொன்னாலும், நான் சொன்னாலும், அந்தக் கையேட்டோடு ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள்.

வள்ளியூர் பட்டறை:

ஓய்வாசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எழுத்துகளைப் பற்றி ஐயா சொன்னது முழுவதும் சரி. ஆனால் அம்பைத் தம்பியின் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆற்றைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சிக்குப் போய்த் திரும்பினால் எஞ்சின் முழுச் சூட்டுக்கே வருவதில்லை. சோக் பாதி இழுத்தபடியே பலர் ஓட்டிவிடுகிறார்கள். எங்கள் பட்டறைக்கு வரும் பழைய கார்களில், குறிப்பாகப் பெரியவர்கள் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் எடுக்கும் வண்டிகளில், பிளக் கறுத்துப் போய்த்தான் வருகிறது. அப்படிப்பட்ட வண்டிகளுக்கு ஒரு படி சூடான பிளக் போட்டு அனுப்பியிருக்கிறேன். அவை நன்றாகவே ஓடுகின்றன. எண்ணெய் அடிக்கும், அதாவது எஞ்சின் ஆயில் எரிப்பறைக்குள் கசியும் எஞ்சினுக்கும் இது உதவும். எஞ்சினைப் பிரித்து வேலைபார்க்கப் பணம் இல்லாதவருக்கு ஓர் ஆண்டாவது வண்டி ஓட வேண்டும் அல்லவா? கையேடு புது எஞ்சினுக்கு எழுதப்பட்டது. இருபத்தைந்து ஆண்டு தேய்ந்த எஞ்சின் அதே எஞ்சின் இல்லை.

பாளை ஓய்வாசிரியர்:

பட்டறை அண்ணாச்சியின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஊருக்குள் மட்டுமே ஓடும் வண்டி என்றால், எண்ணெய் அடிக்கும் எஞ்சின் என்றால், ஒரு படி சூடான பிளக் சில காலம் தாக்குப்பிடிக்க வைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. எனக்குள்ள கவலை வேறு. தம்பியின் வண்டி கல்லிடைக்குறிச்சிக்கு மட்டும் போகவில்லை, பாளைக்கும் வருகிறது. நாளைக்கே குடும்பத்தோடு நாகர்கோவில் போகலாம். நாங்குநேரி, வள்ளியூர் வழியாக நான்குவழிச் சாலையில் சித்திரை வெயிலில், நான்கு பேரும் சாமான்களும் ஏற்றிக்கொண்டு, எதிர்க்காற்றில் ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்தபடி ஒரு மணி நேரம் போகலாம். கடைத்தெரு ஓட்டத்துக்காகத் தேர்ந்தெடுத்த சூடான பிளக் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன வெப்பத்துக்குப் போகும் என்பதைத்தான் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். கறுத்த பிளக்கால் வண்டி நிற்கும், அவ்வளவே. கழற்றித் துடைத்தால் மறுபடி ஓடும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிளக்கால் பிஸ்டன் போனால் அந்தக் காரை மீண்டும் ஓட வைப்பதற்கு ஆகும் செலவு அதன் விலையையே நெருங்கிவிடும்.

இதோடு பெட்ரோலையும் சேர்த்து எண்ண வேண்டும். 2022-இல் நாடு முழுவதும் 10 விழுக்காடு எத்தனால் கலந்தாயிற்று. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு கலந்தது அறிமுகமாகி, 2025-இல் பெரும்பாலும் எல்லா பெட்ரோல் பங்க்குகளிலும் அதுவே கிடைக்கிறது. கலப்பில்லாத பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். 20 விழுக்காடு கலந்ததற்கு ஏறத்தாழ 13.5 என்று வைத்துக்கொள்ளலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இருந்தால் கம்ப்யூட்டர் அதைக் கண்டு எரிபொருளைக் கூட்டிவிடும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் ஓட்டை 1998-இல் எந்த அளவோ அதே அளவுதான் இன்றும். ஆகவே பழைய கார் இப்போது தானாகவே மெலிந்த கலவையில், அதாவது தேவையைவிட எரிபொருள் குறைந்த கலவையில் ஓடுகிறது. மெலிந்த கலவை பற்றிக்கொள்ள அதிக மின்னழுத்தம் கேட்கும். அந்த நிலையில் தேவைக்கு மேல் சூடான பிளக்கையும் மாட்டினால் பாதுகாப்பு எல்லை இரண்டு பக்கமும் சுருங்குகிறது.

எத்தனாலால் மேலும் ஒன்று நடக்கும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியின் டேங்கிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் என்ன தேங்கியிருக்கிறது என்று பார்க்காமல் பிளக்கை மட்டும் மாற்றினால் காலையில் செல்ஃப் அடிக்கும் நேரம் குறையாது.

தென்காசி பத்மினி:

நான் பிரீமியர் பத்மினி கார் வைத்திருக்கிறேன். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் புனலூர் வரை அடிக்கடி ஏறி இறங்குகிறவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, நடு முனைக்கும் வெளிக்கம்பிக்கும் நடுவே பொறி தாண்டும் இடைவெளி. ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே திறந்து மூடும் பாயிண்ட் இருந்தால் அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தம் குறைவு; அதற்கேற்ப இடைவெளியும் குறைவாக, பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ.க்குள்தான் சொல்லியிருப்பார்கள். இன்றைய எலக்ட்ரானிக் வகைகளுக்கு 1.1 மி.மீ. வரை போகும். என்ஜிகே பிளக்கின் எழுத்துகளுக்குப் பின்னால் கோடு போட்டு 11 என்று இருந்தால் அது 1.1 மி.மீ. இடைவெளியோடு வருகிறது என்று பொருள். கடையில் அதைக் கொடுத்துப் பழைய காரில் அப்படியே மாட்டினால், கீழ் வேகத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். மேட்டில் ஏறும்போது, அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது, பொறி தாண்ட முடியாமல் மிஸ்ஸிங் வரும். அம்பை நண்பர் சொல்லும் வெட்டல், டாப் கியரில் மெதுவாகப் போய் மிதிக்கும்போது வருவது, இந்த வகைக்குப் பொருந்துகிறது. பெட்டியில் புதிதாக வருவதையும் ஃபீலர் கேஜ் கொண்டு அளந்தே மாட்டுங்கள். வளைக்கும்போது வெளிக்கம்பியை மட்டும் தொடுங்கள். நடு முனையில் நெம்பினால் பீங்கான் விரிசல் விடும்.

இரண்டாவது, பழைய பிளக்கில் எந்த முனை தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். இயல்பாக நடு முனைதான் உருண்டு தேயும். அதற்கு மாறாக வெளிக்கம்பியின் அடிப்பக்கம் குழிவிழுந்திருந்தால், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலை மாற்றியபோது அதன் இரண்டு சின்ன வயர்களையும் யாரோ இடம்மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். சூடான நடு முனையிலிருந்து எலக்ட்ரான் கிளம்புவது எளிது, ஒப்பீட்டில் குளிர்ந்த வெளிக்கம்பியிலிருந்து கிளம்புவது கடினம். வயர் மாறினால் அதே பொறிக்கு மின்னழுத்தம் கூடுதலாக வேண்டும். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் குளிர்காலைகளில் படுத்தும். பிளக்கை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

இரிடியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் போட்டு ஓட்டியிருக்கிறேன். சாதாரண நிக்கல் பிளக்கின் நடு முனை 2.5 மி.மீ. தடிமன், இரிடியத்தின் முனை 0.4 முதல் 0.6 மி.மீ. மட்டுமே. மெல்லிய முனையில் பொறி குறைந்த மின்னழுத்தத்திலேயே தாண்டும் என்பது உண்மைதான். இரிடியத்தின் உருகுநிலை 2,446 டிகிரி, நிக்கலுக்கு 1,455. ஆகவே தேய்மானமும் குறைவு. ஆனால் அதன் பெரும்பயன், கழற்ற முடியாத இடத்தில் பிளக் இருக்கும் புதுக் கார்களில் இலட்சம் கிலோமீட்டர் வரை தொடாமல் விடலாம் என்பதே. பழைய காரில் பிளக் கண்முன்னே இருக்கிறது. அதைக் கழற்றி நிறத்தைப் பார்ப்பதே எஞ்சினை அறியும் வழி. கரி படிந்தால் இரிடியத்தைக் கம்பித் தூரிகையாலோ உப்புத்தாளாலோ தேய்க்கவும் கூடாது, முனை போய்விடும். என் கருத்தில், கார்புரேட்டர் வண்டிக்கு நல்ல நிக்கல் பிளக் போதும். மிச்சமாகும் பணத்துக்கு டிஸ்டிரிபியூட்டர் மூடியும் பிளக் வயரும் வாங்குங்கள்.

அம்பை வயல்காரர்:

அண்ணாச்சிமார்களுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கல்லிடைக்குறிச்சியில் உறவினர் ஒருவரிடம் இதே காலத்து வண்டியின் கையேடு பத்திரமாக இருந்தது. அதிலிருந்த வகையும் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களில் இருந்ததும் ஒரே வெப்ப எண்தான். ஆகவே டபிள்யூ7டிசி-தான் இடையில் வந்து சேர்ந்தது.

டேங்கில் இருந்த பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றினேன். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் பழுப்பு நிறத்தில் பசைபோல் படிந்திருந்ததைச் சுத்தம் செய்தாயிற்று. பிறகு அதே பிளக்குகளைத் துடைத்து மாட்டி, சேரன்மகாதேவி வரை ஒரே வேகத்தில் ஓட்டிப் போய், சாலையோரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்தேன். ஐடிலிங்கில் விட்டால் நிறம் மாறிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். நன்றாக ஆறும் வரை காத்திருந்து கழற்றிப் பார்த்ததில் இரண்டாவதும் மூன்றாவதும் ஏறத்தாழ வெள்ளையாக, லேசான சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. முதலாவது மட்டும் கருமையாக, ஈரமாக, பளபளப்பாக இருக்கிறது. விரலால் தொட்டால் வழுக்குகிறது. பெட்ரோல் வாசனை இல்லை. வெளிக்கம்பி எதிலும் குழி இல்லை. டிஸ்டிரிபியூட்டருக்குள் பாயிண்ட் இருக்கிறது. இடைவெளியை அளந்தபோது மூன்றும் மூன்று விதமாக இருந்தன. ஒன்றில் 1 மி.மீ.க்கும் மேல்.

வள்ளியூர் பட்டறை:

தம்பி, இப்போது படம் தெளிவாகிவிட்டது. முதல் சிலிண்டரில் வழுக்குவது எஞ்சின் ஆயில். கரி என்றால் உலர்ந்து, மைபோல் தூளாக ஒட்டும். பெட்ரோல் என்றால் வாசனை காட்டிக்கொடுக்கும், சற்று நேரத்தில் உலர்ந்தும் போகும். ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் ஆயில் என்றால் அங்கே போன பிளக் விரைவில் கெட்டிருக்கும். அதனால்தான் முன்பு யாரோ அந்த ஒன்றை மட்டும் மாற்றி, கையில் கிடைத்த டபிள்யூ7டிசி-யை மாட்டியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆயில் வரும் சிலிண்டருக்குப் போய்க் குளிர்ந்த வகையைக் கொடுத்தால் அது எப்படித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்?

ஆயில் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு குறிப்பு. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் நீலப்புகை வந்து பிறகு நின்றுவிட்டால், அல்லது இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மீண்டும் மிதிக்கும்போது குப்பென்று வந்தால், வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் இறுகிப்போயிருக்கலாம். ரப்பர் அல்லவா, இத்தனை ஆண்டில் கல்லாகிவிடும். ஏற்றத்திலும் இறக்கத்திலும் எப்போதும் புகை இருந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் பார்க்க வேண்டும். கம்ப்ரெஷன் கேஜ் வைத்து அளந்துவிட்டு, பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் ரிங்கா வால்வா என்பது தெரிந்துவிடும். ஆயில் விட்டபின் அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங்.

சூடான பிளக் போடலாம் என்று நான் முதலில் சொன்னது மூன்றும் ஒரே மாதிரி கறுத்திருக்கும் வண்டிக்கு. உங்கள் வண்டியில் இரண்டு வெள்ளையாக இருக்கின்றன. அவற்றுக்குச் சூடான வகை கூடவே கூடாது என்பதில் ஐயாவோடு நானும் உடன்படுகிறேன். கையேட்டில் உள்ள எண்ணையே மூன்றிலும் போடுங்கள்.

பாளை ஓய்வாசிரியர்:

அந்த வெள்ளை நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நின்றுவிட்டது. பழைய பாடநூல்களில் சொல்லப்படும் அந்த அழகான காப்பிக்கொட்டை நிறம் ஈயப் பெட்ரோல் காலத்தது. இன்றைய எத்தனால் கலவையில் நல்ல எஞ்சினிலும் மூக்கு வெளிறித்தான் இருக்கும். ஆகவே வெளிறிய நிறத்தைக் கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. பீங்கானில் கொப்புளம் இருக்கிறதா, மிளகுத்தூள் தூவியதுபோல் சின்னக் கரும்புள்ளிகளோ பளபளக்கும் அலுமினியத் துகள்களோ ஒட்டியிருக்கின்றனவா, முனையின் ஓரம் உருண்டிருக்கிறதா என்று ஒரு லென்சு வைத்துப் பாருங்கள். இவற்றில் எதுவும் இருந்தால் அது மிகைச்சூடு. எதுவும் இல்லாமல் சுண்ணாம்புபோல் உலர்ந்து வெளுத்திருந்தால் மெலிந்த கலவை. இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட்டில், பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய் இருந்தால் அதில், எங்கேனும் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டு, பிறகு கார்புரேட்டர் அறிந்தவரிடம் ஜெட்டைக் காட்டுங்கள்.

மின்தடை உள்ள வகையா, இல்லாததா என்பதில் நீண்ட விவாதம் வேண்டாம். மின்தடை உள்ளதையே வாங்குங்கள். ஐயாயிரம் ஓம் அளவிலான அந்தத் தடை ரேடியோ இரைச்சலைக் குறைப்பதோடு முனையின் தேய்மானத்தையும் குறைக்கிறது. நல்ல காயில் இருக்கும் எஞ்சினில் அதனால் ஸ்டார்ட்டிங் கெடாது.

திசையன்விளை தேரிக்காடு:

நான் இழையை வாசித்து மட்டும் வந்தவன். கடையில் வாங்குவதைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். போலிப் பிளக்குகள் நம் பக்கம் தாராளமாக இருக்கின்றன. எனக்கே ஒரு கடையில் பெட்டி, அச்சு எல்லாம் அசல்போலவே இருந்த ஒன்றைக் கொடுத்தார்கள். மரையின் வெட்டு சொரசொரப்பாக இருந்தது. வாஷரைப் பிடித்து இழுத்தால் கழன்று கையோடு வந்தது; நல்ல பிளக்கில் வாஷர் மரையில் சுழலும், ஆனால் எளிதில் கழன்று விழாது. நடு முனை வெளிக்கம்பிக்கு நேராக இல்லாமல் ஒருபுறம் ஒதுங்கியிருந்தது. பீங்கானில் இருந்த எழுத்து பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்ததும் மங்கியது. இவற்றையெல்லாம்விட உறுதியான சோதனை மல்டிமீட்டர்தான். 'ஆர்' எழுத்துள்ள பிளக்கின் மேல் முனைக்கும் நடு முனைக்கும் இடையே அளந்தால் சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் உள்ளே தடையே இல்லை, எழுத்து பொய். மீட்டரைக் கையிலேயே எடுத்துப் போங்கள், நேர்மையான கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இருசக்கர வாகனப் பிளக்கைக் காருக்குக் கொடுத்துவிடும் கடைகளும் உண்டு. மரை 14 மி.மீ.யாகவே இருந்தாலும் அவற்றில் பலவற்றின் மரை நீளம் 12.7 மி.மீ.தான். 19 மி.மீ. ஓட்டையில் அதை மாட்டினால் அடியிலுள்ள மரையெல்லாம் கரி பிடித்து, பிறகு சரியான பிளக்கே ஏறாது. மாறாகக் குட்டை ஓட்டையில் நீளமானதை மாட்டினால் பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கும்.

எங்கள் பக்கம் தேரி மணல். பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றியுள்ள குழியை சைக்கிள் பம்பால் நன்றாக ஊதிவிட்டுத்தான் ஸ்பேனரை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சிவப்பு மணல் நேராகச் சிலிண்டருக்குள் போகும். உவரி, கூட்டப்புளி போன்ற கடற்கரை ஊர்களில் வண்டி நிற்பவர்கள் பிளக் மூடிக்குள் இருக்கும் பித்தளைத் தொடர்பையும் பார்க்க வேண்டும், உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சின் ஓடும்போது பானட்டைத் திறந்து பாருங்கள். வயரிலோ மூடியிலோ நீலப்பொறி ஓடினால் குற்றம் பிளக்கில் இல்லை.

பாளை ஓய்வாசிரியர்:

மாட்டும் முறையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. உங்கள் ஹெட் அலுமினியம். எஞ்சின் சூடாக இருக்கும்போது கழற்றவோ மாட்டவோ கூடாது. புதிய பிளக்கை விரலாலேயே அடிவரை ஏற்றி, வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை திருகினால் போதும். பழைய வாஷர் என்றால் பன்னிரண்டில் ஒரு சுற்று. டார்க் ரெஞ்ச் இருப்பவர்கள் 25 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் நிறுத்தலாம். மரையில் கிரீஸ் தடவும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. முலாம் பூசிய பிளக்குக்கு அது வேண்டியதில்லை, வழுக்கலால் அளவுக்கு மீறி இறுகி ஹெட்டின் மரையைப் பிடுங்கிவிடும். இறுக்கம் குறைந்தாலும் தீங்குதான், ஏனென்றால் வெப்பம் ஹெட்டுக்குப் போவதே அந்த மரை, வாஷர் வழியாகத்தான். தளர்ந்த பிளக், சரியான எண் உடையதாக இருந்தாலும், சூடான பிளக்காகவே நடந்துகொள்ளும்.

அம்பை வயல்காரர்:

கையேட்டில் உள்ள அதே எண்ணில், மின்தடை உள்ள நிக்கல் பிளக்குகள் மூன்றும் வாங்கி, மீட்டரில் அளந்து, இடைவெளியைக் கையேட்டின் அளவில் குறைந்த பக்கமாக வைத்து மாட்டிவிட்டேன். தேய்ந்திருந்த பாயிண்டையும் விரிசல் விட்டிருந்த டிஸ்டிரிபியூட்டர் மூடியையும் மாற்றினேன். டாப் கியரில் வந்த வெட்டல் நின்றுவிட்டது. காலையில் சோக் போட்டதும் பிடிக்கிறது. கலவையைப் பார்க்க மேலப்பாளையத்தில் பழைய கார்புரேட்டர் வேலை தெரிந்த ஒருவரிடம் போகவிருக்கிறேன். மேனிஃபோல்டு பக்கம் கசிவு எதுவும் தென்படவில்லை. லென்சு வைத்துப் பார்த்ததில் கொப்புளமோ அலுமினியத் துகளோ இல்லை.

முதல் சிலிண்டரைப் பொறுத்தவரை, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு கொத்து நீலப்புகை வருகிறது, பிறகு இல்லை. கம்ப்ரெஷன் மூன்றிலும் பெரிய வேறுபாடில்லாமல் இருக்கிறது; ஆயில் விட்டு அளந்தபோதும் முதல் சிலிண்டரில் குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை. அப்படியென்றால் வால்வு சீல் என்றே எடுத்துக்கொள்ளலாமா? அதற்கு ஹெட்டைக் கழற்ற வேண்டுமா, பட்டறை அண்ணாச்சி?

வள்ளியூர் பட்டறை:

வால்வு சீல்தான் தம்பி, ஐயமில்லை. ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பிளக் ஓட்டையில் ஓர் அடாப்டரை மாட்டி, கம்ப்ரெசர் காற்றைச் சிலிண்டருக்குள் ஏற்றி நிறுத்தினால் வால்வு கீழே விழாது; மேலிருந்தே ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றி சீலை மாற்றிவிடலாம். வேலை தெரிந்த பட்டறை என்றால் ஒரு நாளில் முடியும். மூன்று சிலிண்டருக்கும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், ஒரே வயதுள்ள ரப்பர்தான் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதுவரை முதல் சிலிண்டரின் பிளக்கை மட்டும் அவ்வப்போது கழற்றிப் பாருங்கள். ஆயில் ஏறியிருந்தால் பெட்ரோலில் கழுவி, காற்றடித்து உலர்த்தி மாட்டலாம். சில பட்டறைகளில் மணல் அடிக்கும் பிளக் கிளீனர் எந்திரம் இன்னும் இருக்கிறது. ஆயில் ஈரத்தோடு அதில் வைக்க விடாதீர்கள், மூக்குக்கும் உலோகக் கூட்டுக்கும் நடுவே மணல் அப்பிக்கொண்டு பிறகு சிலிண்டருக்குள் விழும். சீல் மாற்றிய பிறகு அந்தச் சிலிண்டருக்குப் புதிய பிளக் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், இப்போது வாங்கிய அதே எண்ணில், அதே வகையில்.